காற்புள்ளியின் வெற்றியும் அதன் விலையும்

ஒரு மாணவர் தேர்ந்தெடுத்த ஐந்து பாடங்களின் அடையாள எண்களை நிரல் ஒன்றாகக் கோத்து, "3,17,42,70,105" என ஒரே சரமாக்குகிறது. இன்றைய நிரல்மொழிகளில் இது ஒருவரிப் பணி. ஆயினும் அதற்குப் பின்னால் அரைநூற்றாண்டைக் கடந்த சிக்கல் ஒன்று உண்டு. பிரிக்கும் குறி தரவுக்குள்ளேயும் வரக்கூடுமாயின், எது வேலி, எது பயிர் என்று கணினி எவ்வாறு அறியும்?

இதற்கான விடை முன்பே இருந்தது. 1967-இல் திருத்தப்பட்ட ஆஸ்கி குறியீட்டு முறை, 28 முதல் 31 வரையிலான நான்கு இடங்களைப் பிரிப்பான்களுக்கென்றே ஒதுக்கியது. கோப்பு, தொகுதி, பதிவு, அலகு ஆகியவற்றைப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. ஆனால் அவற்றுக்கு விசைப்பலகையில் தனி விசை இல்லை. கண்ணுக்குப் புலப்படும் வடிவமும் இல்லை. இரண்டும் உடைய காற்புள்ளியே நிலைத்தது. காற்புள்ளியால் பிரித்த தரவை 1972-லேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் ஏற்றது. அத்தகைய கோப்புகளின் வடிவத்தைத் தொகுத்துரைத்த ஆர்எஃப்சி 4180 வெளிவந்தது 2005-இல்தான். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது.

இதற்கிடையே, 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் எஃப். காட் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்தார். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் மற்றொரு பட்டியல் அடங்கியிருத்தல் ஆகாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. கோத்த சரத்தை அப்படியே கட்டத்தில் சேமிக்கும் பழக்கமோ தொடர்ந்தது.

அதன் விளைவுகள் எளியவை அல்ல. மேற்கண்ட சரத்தில் 7 என்னும் பாடம் இல்லை. எனினும் எழுத்துவழித் தேடல் 17-இலும் 70-இலும் அதைக் கண்டு, 'உண்டு' என்றே விடையளிக்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் மதிப்புகளைக் கோக்கும் சார்பின் இயல்பான வரம்பு 1024 பைட்டுகள். அதற்கு மேற்பட்டது வெட்டப்படும். தேடல் வினவலில் எழுவது வெறும் எச்சரிக்கையே. வெட்டு 105-இன் நடுவே விழுந்தால் எஞ்சுவது 10. அதுவும் வேறொரு பாடத்தின் செல்லத்தக்க எண். பிழை, பிழையெனத் தோன்றாமலே பதிவாகிவிடும்.

தரவுத்தளங்களும் மெல்ல நடைமுறைக்கு இணங்கின. நெடுங்காலம் எக்ஸ்எம்எல் வழியாகச் சுற்றிவளைத்துச் செய்யப்பட்ட பணிக்கு, எஸ்கியூஎல் சர்வரின் 2016 பதிப்பு பிரிக்கும் சார்பையும், 2017 பதிப்பு கோக்கும் சார்பையும் அளித்தன. எண்களைச் சரமாக்காமல் அட்டவணையாகவே அனுப்பும் வசதியோ அதில் 2008 முதலே உண்டு.

கோத்தல் தவறன்று. திரையில் காட்டவும் பிற மென்பொருளுக்கு அனுப்பவும் அது இன்றியமையாதது. ஆனால் கோக்கும்போது, ஒவ்வோர் எண்ணும் தனியொரு பொருள் என்னும் அறிவு சரத்திலிருந்து நீங்கி, பிரிப்பவரின் நினைவில் மட்டும் தங்குகிறது. சேமிப்பில் அதை இழக்கலாகாது என்பதே காட் வகுத்த விதியின் பொருள்.