கடல்நீர் மீன் தொட்டியில் பாசிக் கட்டுப்பாட்டின் வரலாறு

கடல்நீர் மீன் தொட்டியில் பாசிக் கட்டுப்பாடு என்பது, வீடுகளில் கடல் மீன்களையும் பவளங்களையும் வளர்க்கும் தொட்டிகளில் தேவையின்றிப் பெருகும் பாசிகளை அடக்கி வைக்கும் முறைகளைக் குறிக்கும். கண்ணாடியில் படியும் பழுப்பு நிற டயட்டம், பாறைகளில் நீளும் பச்சை நூற்பாசி, மணலை மூடும் செந்நிறப் படலம் ஆகியவை இத்தொட்டிகளில் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுள் செந்நிறப் படலம் உண்மையில் பாசியன்று. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களின் கூட்டமாகும். பாசி மூடிய பவளம் ஒளி கிடைக்காமல் நலிந்து இறந்துவிடும்.

இம்முறைகளின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. பாசியை அகற்றுவதில் தொடங்கிய முயற்சி, பின்னர் பாசியின் உணவை அகற்றுவதாக மாறியது. அதற்குத் துணையாக வளர்க்கப்பட்ட ஒரு பாசி, தொட்டியை விட்டு வெளியேறிக் கடலுக்கே கேடு விளைவித்தது.

பாசி பெருகுவதற்கான காரணம்

மீன்களின் கழிவும் உண்ணாமல் எஞ்சிய இரையும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரையிலிருந்து பாஸ்பேட்டும் நீரில் சேர்கிறது. பவளத்திட்டுகளைச் சூழ்ந்த கடல்நீரில் இவ்விரண்டும் மிகக் குறைவு. மூடிய தொட்டியில் இவை வெளியேற வழியில்லை. ஒளியும் இருப்பதால் பாசி தழைக்கிறது. பாசியைச் சுரண்டி எடுத்தாலும் நீரில் உணவு இருக்கும்வரை அது மீண்டும் முளைக்கும்.

தொடக்கக் காலம்

இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரே தொட்டியில் வளர்த்து, தம் ஆய்வை 1850இல் வெளியிட்டார். இலைகள் அழுகி, பச்சைப் படலம் படர்ந்து நீர் கெட்டபோது அவர் நன்னீர் நத்தைகளைத் தொட்டியில் விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் தின்றன. நத்தைகளை விட்டுப் பாசியை மேயவிடும் பழக்கம் இன்றும் கடல்நீர்த் தொட்டிகளில் தொடர்கிறது.

1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், கடல் உயிரிகளை வீட்டில் வளர்க்கும் ஆர்வத்தை இங்கிலாந்தில் பரப்பியது. சன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டிகள் விரைவில் பச்சை நிறமாயின. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு இதற்கு வேறொரு தீர்வைக் கண்டார். 1871இல் இலண்டனின் கிரிஸ்டல் பேலசில் அவர் அமைத்த மீன்காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் இருந்தது. நீர் இரண்டுக்கும் இடையே இடைவிடாது சுழன்றது. ஒளியில்லாத இடத்தில் பாசி வளராது என்பதே இதன் அடிப்படை.

வெளுத்த பவளங்கள்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீட்டுத் தொட்டிகளில் சரளைக்கு அடியில் வைக்கும் வடிகட்டி பரவியது. அது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றியது, நைட்ரேட்டை அகற்றவில்லை. அலங்காரத்துக்கு வைத்த இறந்த பவள எலும்புகளில் பாசி படிந்ததும், அவற்றை வெளியே எடுத்து வெளுப்புத் திரவத்தில் ஊறவைத்துக் கழுவி மீண்டும் வைத்தனர். செப்புச் சேர்மங்களும் பயன்பட்டன. செம்பு பாசியைக் கொல்லும். நத்தை, இறால், பவளம் ஆகியவற்றையும் கொல்லும். ஆகவே உயிருள்ள பவளங்களை வளர்க்க விரும்பியவர்களுக்கு இவ்வழி உதவவில்லை.

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் வேறு வழியை எழுதி வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, இயற்கைக் கடல்நீர், காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டும் கொண்டு அவர் தொட்டிகளைப் பேணினார். உயிர்ப்பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் கழிவைச் செரித்தன. பிற்காலத்தில் ஜெர்மனியில் உருவான பெர்லின் முறை, உயிர்ப்பாறையோடு நுரைபிரிப்பானையும் சேர்த்தது. கழிவு அழுகுவதற்கு முன்பே அதனை நுரையாகத் திரட்டி வெளியேற்றுவது இக்கருவியின் வேலை.

பாசியைக் கொண்டே பாசியை அடக்குதல்

அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, பவளத்திட்டுகளில் புல்போல் வளரும் குறும்பாசிகளை ஆராய்ந்தவர். அவை நீரிலுள்ள சத்தை மிக விரைவாக உறிஞ்சுவதை அவர் கண்டார். காட்சித் தொட்டிக்கு வெளியே ஒரு வலைத்தட்டில் வலுவான ஒளியும் அலையும் தந்து பாசியை வளர்த்து, குறித்த நாளில் சுரண்டி எடுப்பதே அவரது முறை. அதற்கு 1982இல் காப்புரிமை பெற்றார். வலைத்தட்டில் உள்ள பாசி சத்தை உண்டுவிடுவதால் காட்சித் தொட்டியில் பாசிக்கு உணவு கிடைப்பதில்லை. 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறக்கப்பட்ட பெரும் பவளத்திட்டு மீன்காட்சியகமும் இம்முறையைக் கையாண்டது.

வீட்டில் வளர்ப்போர் இதனை எளிமைப்படுத்தினர். தனித் தொட்டியில் பெரும்பாசிகளை வளர்த்து அவ்வப்போது அறுவடை செய்தனர். அவர்கள் விரும்பி வளர்த்தவற்றுள் கோலெர்பா இனப் பாசிகளும் இருந்தன. அவை அழகானவை, விரைவாக வளர்பவை, சிறு துண்டிலிருந்தும் முளைப்பவை.

கடலில் விளைந்த கேடு

மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில், மத்தியதரைக் கடலில், 1984இல் கோலெர்பா டாக்சிபோலியா என்னும் பாசி ஏறத்தாழ 1 சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. 1989இல் அது சுமார் 1 ஹெக்டேராகப் பரவியிருந்தது. அதன் நச்சுத்தன்மையால் பல உயிரிகள் அதனை மேயவில்லை. நங்கூரங்களிலும் வலைகளிலும் ஒட்டிய துண்டுகள் அதனைப் பிற கரைகளுக்குக் கொண்டு சென்றன. நீஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மெனேஸ் இந்த ஆபத்தைத் தொடர்ந்து எச்சரித்தார். அது அருங்காட்சியகத்திலிருந்து வந்ததா என்பது நீண்டகாலச் சர்ச்சையாக இருந்தது. ஐரோப்பிய மீன்காட்சியகங்களில் வளர்க்கப்பட்ட அதே வகைதான் கடலிலும் பரவியுள்ளது என்று பின்னர் மரபணு ஆய்வுகள் காட்டின.

அதே வகை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு இடங்களில் கண்டறியப்பட்டது. அங்கு சில வாரங்களுக்குள் நடவடிக்கை தொடங்கியது. பாசியைப் பிளாஸ்டிக் விரிப்புகளால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தினர். 2006இல் அது முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. செலவு 70 இலட்சம் டாலருக்கும் மேல். மத்தியதரைக் கடலில் காலம் கடந்துவிட்டதால் இது இயலவில்லை. 2001இல் கலிபோர்னியா 9 வகைக் கோலெர்பா பாசிகளை விற்பதையும் வைத்திருப்பதையும் தடை செய்தது.

இன்றைய நடைமுறை

தற்போது வளர்ப்போர் இரையை அளவோடு இடுதல், நீரை மாற்றுதல், நுரைபிரிப்பான், பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்புச் சேர்மத் துகள்கள், மேயும் நத்தைகள் ஆகியவற்றைச் சேர்த்தே பயன்படுத்துகின்றனர். கோலெர்பாவின் இடத்தைப் பெரும்பாலும் கீட்டோமார்பா என்னும் நூல் உருண்டை போன்ற பாசி பிடித்துள்ளது. எந்தப் பாசியாயினும், அறுவடை செய்ததைச் சாக்கடையிலோ நீர்நிலையிலோ விடக்கூடாது. அதனை நன்கு உலர்த்தியோ உறையவைத்தோ கொன்று, குப்பையில் சேர்ப்பதே பாதுகாப்பானது. தொட்டியைக் கழுவிய நீருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அதில் மிதக்கும் ஒரு சிறு துண்டே புதிய இடத்தில் பாசி பரவப் போதுமானது.