சமர்கந்துச் சந்தையில் விலை பேசுதல்

தராசு என்பது நாம் நாள்தோறும் வழங்கும் சொல். தெருமுனை மளிகைக் கடை முதல் நகைக்கடை வரை அது புழங்காத இடமில்லை. பாரசீக மொழியின் 'தராஸூ'தான் தமிழில் தராசாயிற்று. அதே சொல்லை உஸ்பெக் மக்கள் 'தரோஸி' என்கின்றனர். பஜார் என்னும் சொல்லும் அவ்வழியே வந்ததே. நம் தாய்மார் நெய்ச்சோற்றில் தூவும் கிஸ்மிஸ் அங்கும் கிஷ்மிஷ்தான். பாதாம் அங்கே போதோம். பிஸ்தாவோ பெயர் மாறாமலே நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. மூத்தவரை அவர்கள் அன்புடன் 'அக்கா' என்று விளிப்பர். ஆனால் அங்கே அது அண்ணனைக் குறிக்கும் சொல் என்பதை அறியாத தமிழர் சற்றுத் திகைக்கவே செய்வார்!

சொற்கள் தனியே பயணம் செய்வதில்லை. பண்டங்களோடும் வழக்கங்களோடும்தான் வருகின்றன. அவ்வழக்கங்களுள் ஒன்றான பேரம் பேசுதல் இன்று நம்மிடையே மதிப்பிழந்து வருகிறது. விலை அச்சிட்ட பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாய் திறவாமல் பணத்தை வைத்துவிட்டு வருவதே நாகரிகம் என்றும், விலை கேட்டுக் குறைத்துப் பேசுவது கண்ணியக் குறைவு என்றும் நம் பிள்ளைகள் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். மார்க்க அறிஞர்கள் இதைப்பற்றி யாது எண்ணினர்? அவர்களுள் தலையாய சிலரை ஈன்ற மண்ணிலேயே, அதுவும் உணவுப் பண்டங்கள் விற்கும் கடைத்தெருவிலேயே, இதற்கு விடை தேடுவது பொருத்தமாகும்.

சமர்கந்தில் பீபி கானம் ஜும்ஆப் பள்ளிவாசலை ஒட்டி ஸியோப் பஜார் அமைந்துள்ளது. அருகில் ஓடும் ஸியோப் ஓடையின் பெயரே சந்தைக்கும் வழங்கிற்று. பள்ளிவாசலைத் தைமூர் 1399இல் கட்டத் தொடங்கினார். டில்லியைச் சூறையாடித் திரும்பிய கையோடு, அங்கிருந்து ஓட்டிச் சென்ற யானைகளைக் கொண்டே அதற்குக் கல் சுமக்கச் செய்தார் என்பதை இந்தியராகிய நாம் மறப்பதற்கில்லை. அப்பெருங் கட்டடம் நெடுங்காலம் இடிந்து கிடந்தது. 1897ஆம் ஆண்டின் நிலநடுக்கம் அதனை மேலும் சிதைத்தது. அண்மைக் காலத்தில்தான் அது செப்பனிடப்பட்டது. பள்ளிவாசல் பாழடைந்து நின்ற காலத்திலும் அதன் நிழலில் வணிகம் ஓயவில்லை.

முதலில் கண்ணிற் படுவது ரொட்டி. 'நோன்' என்னும் அது, நாம் நான் என்று வழங்குவதேதான். ஆனால் வட்டமாய், கனமாய், நடுவில் முள்முத்திரை குத்தி, தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடப்பட்டது. சமர்கந்து ரொட்டி பல நாள் கெடாது என்பதால் வெளியூர் செல்வோர் அதனை அன்பளிப்பாக எடுத்துச் செல்வர். அதைக் குப்புற வைக்க எவரும் ஒப்பார். கீழே விழுந்த துண்டை எடுத்து உயரத்தில் வைப்பர். ரொட்டியைப் பெரும்பாலும் எண்ணித்தான் விற்பர். அதற்குப் பேரம் பேசுவது அரிது. உலர்ந்த பழங்களின் பக்கம் திரும்பினாலோ காட்சி மாறிவிடுகிறது. உலர்ந்த சர்க்கரைப் பாதாமியும், பத்து வகைக் கிஸ்மிஸும், சாம்பல் நிற உப்புப் பூசி வறுத்த பாதாமிக் கொட்டையும், 'நவாத்' எனும் கற்கண்டும், அல்வாவும், 'குருத்' எனும் உலர்தயிர் உருண்டையும் குவியல் குவியலாக நிற்கின்றன. கீரையும் குருத்தும் விற்பவருள் தலைத்துணி அணிந்த பெண்களே மிகுதி.

வாங்க வருபவர் முதலில் ஸலாம் சொல்கிறார். வணிகர் வலக்கையை நெஞ்சில் வைத்துப் பதில் கூறுகிறார். விலை கேட்குமுன்னரே ஒரு பிடி கிஸ்மிஸ் கைக்கு வந்துவிடும். 'ஓலிங்', அதாவது எடுத்துக்கொள்ளுங்கள், என்கிறார். சுவைத்தபின் விலை கேட்கிறார்; சொன்ன விலை மிகை என்கிறார்; வணிகர் சரக்கின் ஊரைச் சொல்கிறார்; வந்தவர் அடுத்த கடையை ஒரு பார்வை பார்க்கிறார். பின் ஒரு கிலோ என்றிருந்ததை இரண்டாக்கினால் விலை யாது என்று கேட்கிறார். அது இறங்குகிறது. தராசுத் தட்டு சமனான பிறகு வணிகர் மேலும் ஒரு சிறு பிடி அள்ளிப் போடுகிறார். நம் ஊரில் இதனைக் கொசுறு என்போம். 'பரக்க தோபிங்', பரக்கத்தைப் பெறுவீராக, என்று வாழ்த்தி வந்தவர் விடைபெறுகிறார். அன்றைய முதல் விற்பனையாயின், வணிகர் அப்பணத்தைச் சரக்கின்மீது தடவுவதும் உண்டு. போணி என்று நாம் சொல்வதை அவர்களும் நம்புகின்றனர் போலும்!

இந்த எளிய நிகழ்ச்சியின் ஒவ்வொரு படியும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிதாபில் ஆராயப்பட்டுள்ளது. ஹிஜ்ரி 593இல், அதாவது கி.பி. 1197இல் மறைந்த புர்ஹானுத்தீன் அலீ அல்-மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இயற்றிய ஹிதாயாவே அது. ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களுள் அதற்கு நிகரான புகழ் பெற்றவை சிலவே. வாரன் ஹேஸ்டிங்ஸின் ஏவலால் சார்லஸ் ஹாமில்டன் அதனை ஆங்கிலப்படுத்தி 1791இல் வெளியிட்டார். ஆங்கிலேயர் நம் நாட்டில் அமைத்த நீதிமன்றங்கள் முஸ்லிம்களின் வழக்குகளில் அதனைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புக் கூறின. இவ்வளவு பெருமை வாய்ந்த நூலாசிரியர், ஃபர்கானாப் பள்ளத்தாக்கில் மர்கிலான் என இன்று வழங்கும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சுமந்தவர். அவ்வூரின் மாதுளையையும் பாதாமியையும் பாபர் தம் வரலாற்று நூலில் புகழ்கிறார். கொட்டை நீக்கிய பாதாமிக்குள் வாதுமைப் பருப்பை வைத்து உலர்த்தும் வழக்கத்தையும் குறிக்கிறார். கனியும் கொட்டையும் கொழிக்கும் அத்தகைய நாட்டில் வளர்ந்தவருக்கு, வாங்குபவன் எதைக் கண்டு ஏமாறுவான் என்பது தெரியாமலா இருக்கும்?

பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் மறுக்கும் உரிமை வாங்குபவனுக்கு உண்டு என்பது ஹனஃபிச் சட்டம். பார்த்தல் என்றால் எதுவரை? கோதுமைக் குவியலாயின் மேற்பரப்பைப் பார்த்தால் போதும். ஏனெனில் ஒரு மணி மற்றொன்றைப் போன்றது. ஆனால் உள்ளே இருப்பது மேலே கண்டதைவிடத் தாழ்ந்ததாயின் உரிமை மீண்டும் உயிர்பெறும். அக்ரோட்டும் முட்டையும் எவ்வகை? ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும் என்றார் கர்கீ (ரஹ்). ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடாதவை ஆதலால் கோதுமையைப் போலவே கொள்வதுதான் முறை என்றார் மர்கீனானீ (ரஹ்). இறைச்சிக்காக வாங்கும் ஆட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். பாலுக்கும் குட்டிக்கும் வளர்ப்பதாயின் மடியைப் பார்க்க வேண்டும். உண்ணும் பொருளையோ சுவைத்தே தீரவேண்டும். ஸியோப் பஜாரில் நம் கையில் வந்து விழும் அந்த ஒரு பிடி கிஸ்மிஸ் வணிகரின் தாராளம் மட்டுமன்று. அது வாங்குபவனின் உரிமையுமாகும்.

பச்சைத் தோல் நீங்காத அக்ரோட்டையும் பாதாமையும் பிஸ்தாவையும் விற்கலாமா என்பதில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. விற்கலாம் என்பர் ஹனஃபிகள். இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களிடம் அது கூடாது. நம் கடற்கரையூர் ஷாஃபியீ அன்பர்கள் ஃபர்கானாவுக்குச் சென்றால் இதனை நினைவிற்கொள்வாராக!

பேரத்தைப் பற்றியும் நுட்பமான வரையறை உண்டு. ஒருவர் பேசி முடித்த விலையின்மேல் மற்றவர் புகுந்து விலை பேசலாகாது என்பது நபிமொழி. இத்தடை எப்போது தொடங்குகிறது? இருவரும் ஒரு விலைக்கு இசைந்த பின்னரே என்கிறது ஹிதாயா. இருவர் மனமும் ஒன்றுபடாதவரை எவரும் கூடுதலாகக் கேட்கலாம். பெருமானார் (ஸல்) அவர்களே ஒரு கிண்ணத்தையும் விரிப்பையும் ஏலமுறையில் விற்றுக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுதல் விலக்கப்பட்டது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை நகருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு மலிவாக வளைத்துக்கொள்வதும், நகர மக்களுக்கு அதனால் இடர் விளையுமாயின் வெறுக்கத்தக்கதே. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரின் குவியலுக்குள் அண்ணலார் (ஸல்) கைவிட்டுப் பார்த்துக் கண்டித்ததையும், நிறுப்பவரிடம் சற்றுக் கூட்டியே நிறுக்கச் சொன்னதையும் நாம் அறிவோம். இந்நபிமொழிகளைத் திரட்டித் தந்தோருள் இமாம் புகாரீ (ரஹ்) புகாராவினர். இமாம் திர்மிதீ (ரஹ்) ஆமு நதிக்கரையின் திர்மித் நகரினர். இருவருமே இந்தக் கடைத்தெருக்களின் மைந்தர்.

கிதாபில் எழுதப்பட்டதெல்லாம் கடைத்தெருவில் நடந்ததா என்று வினவலாம். வெளிநாட்டுப் பயணிகள் எழுதி வைத்த சான்றுகள் ஓரளவு விடை பகர்கின்றன.

மதுரைக்கும் வந்துசென்ற இப்னு பதூதா, அதற்குமுன் 1333ஆம் ஆண்டளவில் கவாரிஸ்மின் தலைநகரான உர்கஞ்சைக் கண்டார். குதிரைமீதேறிக் கடைத்தெருவுக்குள் சென்றவர், நெரிசல் மிகுந்த நடுப்பகுதியில் முன்னேறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் சிக்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமையில் கூட்டம் குறைவு என்று யாரோ சொல்லக் கேட்டு அந்நாளில் மீண்டும் சென்றார். அவர் நெஞ்சைக் கவர்ந்தது அந்நாட்டு முலாம்பழம். பச்சைத் தோலும் சிவந்த சதையுமாயிருந்த அதனைக் கீற்றுகளாக்கி வெயிலில் உலர்த்தி, நாணற்கூடைகளில் இட்டு இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அனுப்பினர் என்கிறார். பின்னர் டில்லியில் வாழ்ந்தபோது, பயணிகள் வருந்தோறும் ஆளனுப்பி அக்கீற்றுகளை வாங்கச் செய்தாராம். முஹம்மத் பின் துக்ளக்கும் தமக்கு வந்ததை அவருக்கு அனுப்புவாராம்.

விலையை இருவர் இசைந்து முடிப்பதற்கு மாறாக, ஆள்வோர் வாளைக் கொண்டு முடிக்க முயன்றதும் அம்மண்ணிலேயே நிகழ்ந்தது. ஸ்பெயின் மன்னரின் தூதரான கிளாவிஹோ 1404 செப்டம்பரில் சமர்கந்தை அடைந்தார். நகரில் போதிய கடைகள் இல்லையெனக் கருதிய தைமூர், ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கடைவீதி அமைக்க ஆணையிட்டதை அவர் எழுதியுள்ளார். வழியில் நின்ற வீடுகள் இடிக்கப்பட்டன. குடியிருந்தோர் கையிற் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடினர். இரவும் பகலும் ஆட்கள் முறைமாறி உழைத்து, கூரை வேய்ந்து இருபுறமும் கடைகள் கொண்ட வீதியை இருபதே நாட்களில் முடித்தனர். வீடிழந்தோர் தைமூரோடு சதுரங்கம் ஆடும் ஸையிதுகள் சிலரிடம் முறையிட்டனர். அவர்கள் இழப்பீடு கேட்டபோது, இந்நகரை என் பணத்தால் வாங்கியுள்ளேன், பத்திரம் என்னிடம் இருக்கிறது என்னும் கருத்துப்படத் தைமூர் சீறினார். அவர்கள் வாயடைத்துப் போயினர். தாம் போர்மேற் சென்றிருந்த காலத்தில் இறைச்சியைக் கூடுதல் விலைக்கு விற்றவர்களையும் அவர் கடுமையாகத் தண்டித்தார். காலணி செய்வோர் முதலியோரிடம் அபராதம் கறந்தார்.

மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை வரையறுக்குமாறு மக்கள் வேண்டியும் பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹிதாயாவும் அரசர் விலை வகுப்பது தகாது என்கிறது. எனினும், உணவு வணிகர் வரம்பு கடந்து கொள்ளையடித்து, மக்கள் உரிமையைக் காக்க நீதிபதிக்கு வேறு வழியில்லாமற் போனால் மட்டும், விவரமறிந்தோரைக் கலந்து விலை வகுக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைக்கிறது. தைமூர் எவரையும் கலந்ததாகத் தெரியவில்லை.

பிற்காலப் புகாராவில் ரயீஸ் என்னும் அதிகாரி கடைவீதிகளைச் சுற்றி வந்து எடைக்கற்களைச் சோதிப்பார். தொழுகையை விட்டவரையும் விடமாட்டார். ஊருக்கு ஊர் 'பத்மன்' என்னும் நிறை மாறிய காலமாதலால் அவருக்கு வேலை மிகுதியாகவே இருந்திருக்கும். 1920இல் அமீரின் ஆட்சி வீழ்ந்தது, அம்முறையும் ஒழிந்தது. அடுத்து வந்த சோவியத் ஆட்சியில் மத்ரஸாக்கள் மூடப்பட்டன. 1920களின் இறுதியில் அரபு எழுத்துப் போய் லத்தீன் எழுத்து வந்தது. 1940இல் அதுவும் போய் ருஷ்ய எழுத்து வந்தது. தாத்தா படித்த ஹிதாயா பேரனுக்கு வெறும் கோடுகளாயிற்று. அரசுக் கடைகளில் விலை மாஸ்கோவின் ஆணைப்படி எழுதி ஒட்டப்பட்டது. அங்கே பேரத்துக்கு இடமில்லை, பல வேளைகளில் பண்டத்துக்கும் இடமில்லை! ஆயினும் 1932இல், கூட்டுப் பண்ணை உழவர் தம் மிகுதி விளைச்சலைச் சந்தையில் தாமே விலை பேசி விற்க அரசு இடங்கொடுத்தது. வாங்கி விற்கும் வணிகரோ அதே ஆண்டுச் சட்டத்தால் குற்றவாளியானார். அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் பழைய பஜார் உயிர் பிழைத்தது. கிதாபு மூடப்பட்ட இடத்தில், சுவைத்துப் பார்த்தலும் இசைவு பெறுதலும் கொசுறிடுதலும் தாயிடமிருந்து மகளுக்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு, கைப்பழக்கமாகவே சென்றன. மார்க்க ஞானத்தை மூதாட்டியரின் அடுக்களையில் தேடுவோர், காய்கறி விற்கும் மூதாட்டியரின் தராசையும் சற்றுக் கவனிக்கலாம்.

உஸ்பெகிஸ்தான் 1991இல் விடுதலை பெற்றது. 1994இல் வெளிவந்த 'ஸோம்' நாணயம் விரைவில் மதிப்பிழந்தது. 2013 வரை ஆயிரம் ஸோமுக்கு மேற்பட்ட தாளே இல்லாததால், கறி வாங்கச் செல்பவரும் கட்டுக் கட்டாகப் பணம் கொண்டு போயினர். பேரம் பேசும் நேரத்தைவிடப் பணத்தை எண்ணும் நேரம் மிகுந்தது. இன்று பெரிய தாள்கள் வந்துவிட்டன. அட்டை கொண்டு செலுத்தும் கருவியும் பல கடைகளில் வந்துவிட்டது. முள் ஆடும் பழைய தராசுகளின் இடத்தில் எண் ஒளிரும் மின்தராசுகள் நிற்கின்றன. அவை காட்டும் எண் ஒரு கிலோவைத் தொட்டபின்னும் ஸியோப் வணிகரின் கை குவியலுக்குத் திரும்பிப் போய், இன்னும் நாலு பாதாமியை எடுத்துவந்து பையில் போடுகிறது.