இரண்டு ஏரிக்கரைகள்

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துப் பிரமித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய இராஜேந்திர சோழன், அதைவிடப் பெரியதொரு காரியத்தை அருகிலேயே வெறும் மண்ணைக் கொண்டு செய்து வைத்தான். சோழகங்கம் என்பது அதன் பெயர். ஊரார் பொன்னேரி என்பார்கள்.

கங்கை வரை வென்று திரும்பிய மன்னன் கல்லில் தூண் நாட்டவில்லை, ஏரி அமைத்தான். தண்ணீராலான ஜயஸ்தம்பம் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் கொண்டாடுகிறது. 1855இல் வெளிவந்த ஆங்கிலக் கெஜட்டியர் ஒன்று, 16 மைல் நீளக் கரையையும், உறுதியான மதகுகளையும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் வந்த வாய்க்காலின் தடத்தையும் வர்ணிக்கிறது. அப்போதே ஏரிக்குள் காடு மண்டியிருந்தது. படையெடுத்து வந்த சேனை ஒன்று வேண்டுமென்றே அதைப் பாழாக்கியதாகச் செவிவழிச் செய்தி.

இருக்கலாம். ஆனால் கரையை உடைக்கத்தான் பகைவன் வேண்டும். உடைந்ததை நூற்றாண்டுக் கணக்கில் அடைக்காமல் விட்டுவைக்க நாமே போதுமல்லவா?

அங்கிருந்து கிழக்கே, அதிகத் தொலைவில்லாமல், காட்டுமன்னார்கோயிலருகே வீரநாராயண ஏரி இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் வந்தியத்தேவனை முதன்முதலாகச் சந்தித்த இடம். இன்று வீராணம் என்கிறோம். முதற் பராந்தகன் காலத்தது. சோழகங்கத்துக்கு ஏறக்குறைய நூறு வயது மூத்தது. அதுவும் மண் கரைதான். ஆனால் 47.5 அடி மட்டத்துக்கு நிரம்பினால் 1,465 மில்லியன் கன அடி நீர் தேக்குகிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது.

மூத்தது பிழைத்தது, இளையது மாண்டது. காரணம் மண்ணில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு நீர் வருகிறது. அந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பிரித்துக் கொண்டுபோனார்கள் என்கிறது அதே கெஜட்டியர். ஏழை ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்களாம், பலிக்கவில்லை. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை. ஓர் ஏரியின் தலைநகரம் இடிபட்டு, இன்னோர் ஏரி வாழ்ந்தது!

அமெரிக்க எஞ்சினீயர்கள் அணைகளுக்கு அபாயத் தரம் என்று ஒன்று வகுத்திருக்கிறார்கள். அணை உடைந்தால் உயிர்ச்சேதம் நேருமானால் உயர்ந்த அபாயம், சொத்துக்கு மட்டும் பெருஞ்சேதம் என்றால் நடுத்தரம், மற்றவை தாழ்ந்தவை. கரை பலமா, பலவீனமா என்பது வேறு கணக்கு. உறுதியான அணையும் உயர்ந்த அபாயத்தில் இருக்கலாம், கீழே மனிதர்கள் தூங்குகிற காரணத்தால். ஆகவே அந்தத் தரம் குற்றச்சாட்டு அல்ல. காவல் இருக்கச் சொல்லும் கட்டளை.

மண் கரைக்கு இரண்டு சத்துருக்கள் உண்டு. ஒன்று, கலிங்கு போதாமல் வெள்ளம் கரையின்மேல் ஏறி வழிவது. குஜராத்தில் மச்சு அணை 1979 ஆகஸ்டு 11இல் அப்படித்தான் போயிற்று. நீர் மண் கரைகளை அரித்துக்கொண்டு மோர்வி நகரத்தில் புகுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மற்றொன்று, எலி வளையிலும் மரவேர்த் துளையிலும் தொடங்கும் கசிவு. அதைக் கண்டுபிடிக்கத் தினமும் கரைமேல் நடந்து பார்க்கிற ஆள் வேண்டும்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரிய அணைகளுக்கானது. 15 மீட்டருக்கு மேற்பட்டவை, சில நிபந்தனைகளுடன் 10 மீட்டருக்கு மேற்பட்டவை. பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் சாதாரண ஏரிக்கரைகள் அவ்வளவு உயரம் எட்டுவதில்லை. அவற்றை யார் பார்ப்பது? பராந்தகன் காலத்து உத்தரமேரூரில் இதற்கென்றே ஏரி வாரியம் இருந்தது. உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தார்கள்.

சோழகங்கத்தைப் புதுப்பிக்கப் போவதாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. சந்தோஷமான செய்தி. வறண்ட ஏரியால் யாருக்கும் அபாயமில்லை. நீர் வந்தால் அபாயமும் கூட வரும். அதோடு ஏரி வாரியத்தின் கண்ணும் திரும்பி வரவேண்டும்.