மரியோவுக்கு மீசை வந்த கதையும் திருப்பூர் பிரிண்டிங்கும்

வீடியோ கேம் ஓவியம்னா கம்ப்யூட்டரில் அழகா படம் வரையறதுன்னு நினைக்கிறோம். அதன் ஆரம்ப காலத்தைப் பார்த்தால், திருப்பூர்க்காரர்களுக்கு நல்லாப் பழகின வேலைதான் அது. கொடுத்த கட்டத்துக்குள்ள, கொடுத்த நிறத்துக்குள்ள படத்தை முடிக்கணும்.

1981-ல் நின்டெண்டோவின் ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காக ஷிகெரு மியாமோட்டோ ஒரு ஆளை வரைந்தார். பின்னாளில் மரியோ ஆனவர் அவர்தான். கிடைத்த இடம் 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். அதில் வாய் வரைந்தால் தெரியாது, அதனால் பெரிய மூக்கும் மீசையும். முடியை வரைவது சிரமம், அதனால் தொப்பி. கை வீசுவது தெரியணும், அதனால் சட்டைக்கும் மேலுடைக்கும் வேறு வேறு நிறம்.

1983-ல் வந்த ஃபேமிகாம் கருவியில், நகரும் உருவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்றே நிறம். நான்காவது இடம் வெறுமை. பின்னணி அதன் வழியே தெரியும். 1985-ன் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் மேகமும் புதரும் ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். நம்ம ஊர் டிசைனர் பார்த்தா, “இது ரிப்பீட், கலரை மட்டும் மாத்தியிருக்காங்க”ன்னு சட்டுனு சொல்லிடுவார்.

டி-ஷர்ட் பிரிண்டிங்கிலும் கணக்கு இதேதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம், ஒரு ஸ்கிரீன். நிறம் கூடினால் செலவு கூடும். அதனால் கலர் பிரிக்கிறவர் ஆறு நிறப் படத்தை நாலுக்குள் கொண்டுவரப் பார்ப்பார். நிழலைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக்குவார். கறுப்புத் துணின்னா கறுப்பை அச்சடிக்கவே மாட்டார், துணியே அந்த நிறம். ஃபேமிகாமின் நான்காவது இடம் செய்ததும் இதைத்தான்.

இரண்டுக்கும் மூத்தது 1804-ன் ஜக்கார்டு தறி. அட்டையில் ஓட்டை இருக்கு, அல்லது இல்லை. காஞ்சிபுரம் சேலைக்குக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாகப் பூ வரைந்தவர்களும் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்தில் அடாரி நிறுவனம் விளையாட்டில் ஆசிரியர் பெயர் போடாது. ‘அட்வென்ச்சர்’ விளையாட்டைத் தனியாளாக உருவாக்கிய வாரன் ராபினெட், தன் பெயரை ஒரு ரகசிய அறையில் ஒளித்துவைத்தார். இன்றைக்குப் பெரிய விளையாட்டுகளின் முடிவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடுகின்றன. டி-ஷர்ட்டில் பிராண்டு பெயர் மட்டும்தான். கலர் பிரிச்சவர் பெயருக்கு அதில் ஒரு ரகசிய அறைகூட இல்லை.