மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்

எங்க தம்மம்பட்டிக்கு மரச்சிற்பம் என்றால், பல்லவர் துறைமுகமான மாமல்லபுரத்துக்குக் கற்சிற்பம். 2022-ல் அந்த ஊருக்கு 44-வது செஸ் ஒலிம்பியாட் வந்ததற்குக் காரணம் ஒரு போர்!

ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அது. பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததால் அங்கிருந்து மாற்றப்பட்டு, மார்ச்சில் தமிழகத்துக்குக் கிடைத்தது. நான்கே மாதத்தில் ஏற்பாடுகள் முடிந்து, ஜூலை 28-ல் துவக்க விழா. வந்தவை 180-க்கும் மேற்பட்ட நாடுகள். இந்தியாவில் அதுவே முதல் செஸ் ஒலிம்பியாட். ஆட்டங்கள் நடந்தது கற்கோயில்களில் இல்லை, அந்த ஊர் ஹோட்டல் அரங்குகளில்.

பெண்கள் பிரிவில் கடைசிச் சுற்றுக்கு முன்புவரை முதலிடத்தில் இருந்த நம்ம அணி, அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றது. தங்கம் யாருக்கு தெரியுமா? உக்ரைனுக்கு!

நமக்குத் தங்கம் போனது வருத்தம்தான். ஆனால் குண்டு விழும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நம்ம மண்ணில் ஜெயித்தார்களே, விருந்து வைத்த வீட்டுக்கு அதுவும் பெருமைதானே?