நூரளைப் பாதை: நகர வளர்ச்சியும் நெடுங்காலக் குடிகளின் நினைவும்

ஒரு நகரத்தின் வளர்ச்சியை ஆராய முற்படுவோர் முதலில் நாடுவன அரசாங்க அறிக்கைகளும் குடிசன மதிப்பீடுகளுமே. அவை கூறாது விடுவனவற்றை அந்நகரில் நீண்டகாலம் வாழ்ந்தோரின் நினைவுகளிலிருந்து நிரப்பிக்கொள்வது வரலாற்றாசிரியர் வழக்கம். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களைப் பொறுத்தவரை இம்முயற்சி பெருஞ் சிக்கல் தருவதன்று. ஆனால், மத்திய மலைநாட்டின் நுவரெலியாவை எடுத்துக்கொண்டால் முதற் கேள்வியே இடர்ப்பாடாய் அமைகின்றது. அந்நகரின் நெடுங்காலக் குடிகள் யாவர்? நகரைப் பற்றி எழுதிவைத்தோர் பெரும்பாலும் சில காலம் தங்கிப் பின் கடல் கடந்து போனவர்கள். நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலே நான்கு, ஐந்து தலைமுறைகளாக வாழ்ந்தோரோ, சட்டத்தின் கண்ணிலே நெடுங்காலம் வந்துபோவோராகக் கருதப்பட்டவர்கள். போனவர்களின் நினைவு நூலாயிற்று; இருந்தவர்களின் நினைவு வாய்மொழியாகவே நின்றது. இந்த முரண்பாட்டை மனங்கொள்ளாது நுவரெலியாவின் வரலாற்றை எழுதுவது இயலாது.

தோட்ட மக்கள் அந்நகரை ‘நூரளை’ என்பர். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நூரளைக்கு ஏறும் பழைய பாதையிலே, மலை செங்குத்தாக உயரத் தொடங்குமிடத்தில் அமைந்தது இறம்பொடை. ஒருபுறம் நூறு மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து வீழும் அருவி. மறுபுறம் கொத்மலைப் பள்ளத்தாக்கு. நூரளைக்குப் போனவை எல்லாம் நெடுங்காலம் இவ்வழியாகவே போயின. ஆகவே நகரின் மாற்றங்களை நகரத்துள் நின்று நோக்குவதிலும் பார்க்க, இப்பாதையில் நின்று நோக்குவது தெளிவு தரும்.

1819 ஆம் ஆண்டு மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். அதன் பின்னர் தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் அதனைச் சுகவாசத் தலமாக்க முனைந்து, அங்கு தமக்கென ஒரு மாளிகையும் அமைத்தார். 1848 இல் சாமுவேல் பேக்கர் தம் குடும்பத்தாரோடும் ஆங்கில நாட்டு மாடுகளோடும் வேளாண் கருவிகளோடும் வந்து குடியேறினார். ஏறத்தாழ எட்டாண்டுகள் தங்கிய அவர் 1855 இல் வெளியிட்ட நூலிலே இறம்பொடைக் கணவாய் இடம்பெறுகின்றது. அவருடைய புதிய வண்டி பள்ளத்தில் உருண்டதும், பொருள்களை இழுத்துவர அனுப்பப்பட்ட யானை மிகை உழைப்பால் மாண்டதும் அங்கு நகைச்சுவையோடு விவரிக்கப்படுகின்றன. அந்தப் பாதையை வெட்டியோர் யாவர் என்பது பற்றி அவ்வளவு விரிவான செய்தி இல்லை. யானைக்குக் கிடைத்த இடம் மனிதருக்குக் கிடைக்கவில்லை என்று கூறினால் அது மிகையாகாது.

நகரின் எழுத்துவழி நினைவு எத்தகையது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. நுவரெலியாவில் மேஜர் ரொஜர்ஸ் என்பாரின் கல்லறை இருக்கின்றது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் இவர் 1845 இல் இடிவிழுந்து இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லையும் இடி தாக்கியது என்றும், அது அவர் செய்த உயிர்க்கொலையின் பயன் என்றும் உள்ளூர் மக்கள் சொல்லி வந்தனர். குறிப்பேடுகளிலே வீரனாகப் பதிவானவனை மக்கள் நினைவு தண்டனை பெற்றவனாக மாற்றிவிட்டது. வாய்மொழி நினைவு நிகழ்ச்சியைப் பாதுகாப்பதோடு அமையாது அதன்மீது தீர்ப்பும் வழங்குகின்றது என்பதை இங்கு அவதானிக்கலாம்.

இத்தீர்ப்புக் கூறும் இயல்பைத் தோட்ட மக்களிடையே வழங்கும் புகழ்பெற்ற கதையொன்றிலும் காண்கின்றோம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள்கட்டிகள் தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்பது அக்கதை. கால அடிப்படையில் நோக்கின் இது முழுவதும் பொருந்துவதன்று. கம்பளைக்கு அண்மையிலே ஜோர்ஜ் பேர்ட் 1820களில் தொடங்கியது கோப்பித் தோட்டம். மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதைக் காடுகளினூடே நடந்து, நோயாலும் பசியாலும் வழியிற் பலரை இழந்து மாத்தளையை அடைந்த முதல் தலைமுறைகள் வந்தது கோப்பிக்கே. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டது 1867 இல். 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னரே தேயிலை மலையெங்கும் பரந்தது. கோப்பிக் காலத்து வஞ்சனையைப் பிற்காலத்தோர் தமக்குத் தெரிந்த செடியின்மேல் ஏற்றிச் சொன்னார்கள் எனக் கொள்வதே பொருத்தம். செடி மாறியிருக்கின்றது; ஏமாற்றப்பட்டோம் என்ற செய்தி மாறவில்லை. முதியோர் நினைவைச் சான்றாகக் கொள்வோர் இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுதல் வேண்டும். ஆண்டு பிழை என்பதற்காக முழுவதையும் தள்ளுவதும், உணர்ச்சி உண்மை என்பதற்காக ஆண்டையும் ஏற்பதும் ஒருங்கே குற்றமாகும்.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பலர் தமிழகம் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே ஆட்களும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் கொண்ட குடும்பங்கள் லயங்களிலே நிலைகொண்டன. நெடுங்காலக் குடிகள் என்ற நிலை உண்மையில் இக்காலத்திலேதான் உறுதியாகின்றது. நகரும் இதே காலத்திலே உருப்பெற்றது. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் காலத்தில் வாவி அமைந்தது. 1876 இல் ஹில் கிளப், 1889 இல் கோல்ப் கழகம் என்பன தோன்றின. புகையிரதப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. அதுவரை மாட்டு வண்டிகளால் நிறைந்திருந்த இறம்பொடைப் பாதை அதன் முதன்மையைப் புகையிரதத்தோடு பங்கிட நேர்ந்தது. 1903 இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஒடுங்கிய இருப்புப் பாதையொன்றும் இடப்பட்டு, பின் கந்தப்பளை வழியாக இராகலை வரை நீண்டு, 1940களில் கைவிடப்பட்டது.

இந்த நகரிலே தொழிலாளருக்கு இருந்த இடம் யாது? நகரின் செல்வம் அவர்கள் பறித்த கொழுந்திலிருந்து வந்தது. ஆயினும் நகரம் அவர்களை நோக்கிக் கட்டப்பட்டதன்று. அவர்கள் நாள் பிரட்டுக்களத்தில் தொடங்கி லயத்தில் முடிந்தது. சம்பளத்தை அடுத்த ஞாயிறு கடைவீதிக்கு வந்து அரிசி, துணி, கருவாடு வாங்கித் திரும்புவதோடு நகரத் தொடர்பு முடிந்தது. சித்திரை மாதத்து ‘சீசன்’ காலத்தில் குதிரைப் பந்தயத்துக்கும் மலர்க் கண்காட்சிக்கும் கொழும்புப் பிரமுகர்கள் வந்து குவிந்தனர். அதனைத் தோட்ட மக்கள் வேலிக்கு வெளியிலிருந்தே கண்டனர். பற்றுச்சீட்டின்றி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றிலே வேலை பெறுதல் அரிதாயிருந்த காலத்தில், ஐந்து மைலுக்கு அப்பாலுள்ள நகரம் உண்மையில் மிகத் தொலைவாகவே இருந்தது.

நகர மண்டபத்துள் அவர்கள் நுழைந்தது வாக்குச்சீட்டு வழியாகவே. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதி சௌ. தொண்டமானைத் தெரிவுசெய்தது, அயலிலுள்ள தலவாக்கலை சி. வி. வேலுப்பிள்ளையை அனுப்பியது. பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திலே 1914 இல் பிறந்தவர் வேலுப்பிள்ளை. பிற்காலத்திலே மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தவரும் அவரே. அந்த நுழைவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே, நகரைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்த பெரும்பான்மையினர் வாக்காளர் இடாப்பில் இல்லாதோராயினர். தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் இத்தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றது 1977 இலேயே. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளை நகரசபை ஏடுகளிலே தேடினால் வீதிகளும் விளக்குகளும் கிடைக்கும். இம்மக்களின் குரல் கிடைப்பது அரிது. நினைவின் இன்றியமையாமை இங்குதான் புலப்படுகின்றது.

அந்த நினைவு ஆண்டெண்களால் அமைந்ததன்று. இன்ன துரையின் காலம், சண்டைக் காலம், கூப்பன் காலம், ஒப்பந்தக் காலம், பஞ்ச காலம், கலவரம் என அது காலத்தை வகுத்துக்கொள்கின்றது. ஒப்பந்தம் என்பது 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என அது வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஆவணத்தில் இது எண்கணிதம். நினைவிலே இது புகையிரத நிலையம். மலையகத்தார் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்பர். தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். இறந்தோருக்குப் பாடுவதை உயிரோடு பிரிந்தோருக்குப் பாடினர் என்பதை அப்பெயரே உணர்த்தும். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்றும் அப்பெயரைத் தாங்கியது. 1984 இல் இராமேசுவரக் கப்பற் போக்குவரத்து நின்றதோடு அவ்வழி அடைபட்டது.

பஞ்ச காலம் என்பது 1973–74. உணவுப் பங்கீடு சுருங்கிய அந்நாட்களிலே தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பிழைப்புத் தேடி நகரத் தெருக்களுக்கு வந்தோரைக் கடைவீதியார் கண்டனர். காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் 1972 இலும் 1975 இலும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தோட்டக் காணிகள் பிறருக்குப் பகிரப்பட்டபோது வாழ்ந்த இடமும் பறிபோகும் என்ற அச்சம் பரவியது. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திலே அதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். கலவரம் எனும்போது 1977, 1981, 1983 என மூன்று ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்து நினைவுகூரப்படுகின்றன. 1983 ஜூலையில் நுவரெலியாக் கடைவீதியிலே தமிழரின் கடைகள் எரிந்தன. அதற்குப்பின் அமைந்த கடைவீதியின் தோற்றம் வேறு; பெயர்ப்பலகைகள் வேறு. நகர வளர்ச்சியைக் கட்டடங்களின் தொகையால் மட்டும் அளப்போர் இதனையும் வளர்ச்சியென்றே கணக்கிடக்கூடும்.

இழப்பு ஓரினத்தார்க்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டு உதவியோடு கட்டப்பட்ட கொத்மலை அணை 1985 இல் நிறைவெய்தியபோது, இறம்பொடை மேட்டிலிருந்து காணத்தக்க அந்தப் பழம்பெரும் பள்ளத்தாக்கின் வயல்களும் கடதொர விகாரையும் நீரில் மூழ்கின. ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்கள் பெயர்ந்தன. சிலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். சிலருக்கு அயலிலிருந்த தேயிலைக் காணிகளே பகிர்ந்தளிக்கப்பட்டன. ஒருவருடைய ஊர் நீரில் மூழ்க, அவருக்கு ஈடாக வழங்கப்பட்டது இன்னொருவர் உழைத்த மலை. இவ்விரு சாராரின் நினைவுகளையும் ஒருங்கே வைத்து ஆராயும் முயற்சி இவ்வட்டாரத்துக்கு மிகவும் வேண்டப்படுவது.

இன்றைய இறம்பொடை வேறொரு தோற்றம் பெற்றுள்ளது. பாதையின் ஒரு பகுதி ஏறத்தாழ 225 மீற்றர் நீளமான சுரங்கத்தினூடே செல்கின்றது. அருவியை நோக்கி விடுதிகள் எழுந்துள்ளன. சின்மயா மிசன் அமைத்த ஆஞ்சநேயர் கோயிலுக்கு இந்தியாவிலிருந்தும் யாத்திரிகர் வருகின்றனர். இராமனின் படை தங்கியமையால் ‘இராமபடை’ என்பது இறம்பொடை ஆயிற்று என்று அவர்களுக்கு வழிகாட்டிகள் விளக்குவர். ‘-பொட’ என முடியும் சிங்கள ஊர்ப்பெயர்கள் பலவாதலால் இவ்விளக்கம் ஐயத்துக்குரியது. பக்தியைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. காவிய காலத்துக்கு இங்கு அறிவிப்புப் பலகை உண்டு. அதே மேட்டிலே நடந்து ஏறிய கோப்பிக் காலத்து மக்களுக்கு அது இல்லை என்பதே கவனத்துக்குரியது. 2023 இல், இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணமே அப்பழைய வழியை மீண்டும் நாட்டின் பார்வைக்குக் கொணர்ந்தது.

1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலையை நீக்கின. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு மாறியது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் பணியாற்றுவதற்குத் தடையாயிருந்த சட்டப்பிரிவு 2018 இலேயே திருத்தப்பட்டது. அதாவது, நகரின் விளக்கும் வீதியும் சட்டப்படி லயத்தின் வாசலை எட்டுதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றிருக்கின்றது. லயங்களிற் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே போய்ச் சேர்ந்தன; கடிதம் கிடைக்கத் தாமதித்தமையால் தவறிப்போன நேர்முகப் பரீட்சைகள் பற்றிய பேச்சு மலையகத்தில் எங்கும் கேட்கத்தக்கது.

1969 இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. கடும் வறட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளித்தோன்றும். மக்கள் திரண்டு சென்று காண்பர். கடைவீதி எங்கு தொடங்கியது, எங்கு முடிந்தது என்று அவ்விடத்தில் நின்று காட்டக்கூடியவர்கள் அந்நகரில் வளர்ந்தவர்களே. அந்நாளிற் பள்ளிச் சிறுவராயிருந்தோர் இன்று அறுபது வயதைக் கடந்துவிட்டனர். ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பியோரின் வயதும் ஏறத்தாழ அதுவே.