திருவொற்றியூர்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, கிழக்கில் வங்காள விரிகுடா அலைவீசவும் மேற்கில் பக்கிங்காம் கால்வாய் ஓடவும் அமைந்த தொன்மையான சிவஸ்தலம். தேவார மூவராலும் பாடப்பெற்றது என்பதாலும், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் என்பதாலும் பக்தர்கள் இதனை நன்கு அறிவர். ஆயினும், சோழர் காலத்தில் இது சிறந்ததொரு வித்தியாஸ்தானமாகவும் விளங்கிற்று என்பதை அறிந்தோர் சிலரே.

கேரள தேசத்தில் பிறந்து, கலைகள் பலவும் கற்று, சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு உற்ற துணையாயிருந்து, தக்கோலப் போரில் (949) அவனோடு உயிர்விட வாய்க்காமையால் மனம் நொந்து துறவு பூண்ட வீரர் ஒருவர், சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு இங்கே மடாதிபதியாக அமர்ந்த வரலாற்றைச் சாசனம் ஒன்று கூறுகிறது. இத்தலத்து இறைவன் ஆதிபுரீசுவரரின் கருவறை முதலாம் இராஜேந்திரன் காலத்தில், தூங்கானை மாட வடிவில் கற்றளியாயிற்று. அக்கோயிலின் வியாகரண தான வியாக்கியான மண்டபமே இவ்வூரின் தலையாய பெருமை. இறைவன் பாணினிக்குப் பதினான்கு சூத்திரங்களை உபதேசித்த இடம் இதுவே என்னும் ஐதிகத்தோடு இங்கு இலக்கணம் போதிக்கப்பட்டது. மண்டபத்தைப் பேணவும், ஆசிரியரையும் மாணாக்கரையும் ஆதரிக்கவும் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் நிலங்கள் விடப்பட்டன. எண்ணாயிரம் என்னும் ஊரிலிருந்த சோழர் காலக் கல்லூரியில் 340 மாணாக்கர் வேதம் முதலிய பலவும் பயின்றனர். இங்கோ ஒரு சாஸ்திரத்துக்கென்றே தனி மண்டபம் இருந்தது. அவ்வகையில் இதனை எண்ணாயிரத்துக்குக் குறைந்ததாகக் கருத இடமில்லை.

பட்டினத்தார் சமாதி கடற்கரையை அடுத்துள்ளது. இராமலிங்க அடிகள் சென்னையிலிருந்து நாடி வந்து வழிபட்டதும், தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரியின் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியதும் இத்தலத்திலேயே. புற்றுருவான மூலவர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் களையப்பட்டு, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படும்போது, ஆலைத் தொழிலாளரும் மீனவப் பெண்டிரும் நெடுநேரம் வரிசையில் நின்று தரிசிப்பர்.

துறைமுகச் சுவர்கள் எழும்பியபின், தெற்கிலிருந்து கடலோரமாக நகர்ந்து வந்த மணல் தடைப்பட்டது. அதனால் மெரினா அகன்றது. இக்கரையோ அரிக்கப்பட்டு, குப்பங்கள் பலவும் இடம் இழந்தன. இன்று அலையைத் தடுத்து நிற்பவை கொட்டப்பட்ட கருங்கற்களே. வடக்கே கொசஸ்தலையாறு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போரின் ஜீவனத்தை அனல்மின் நிலையச் சாம்பற்கழிவு நெடுங்காலமாக நலிவித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் அங்கே படர்ந்தது.

ஆலைகளால் மட்டும் பெயர் சொல்லப்படும் இவ்வூரின் கல்வெட்டுகளை, இங்குள்ள பள்ளிகள் தம் பிள்ளைகளுக்கு நேரில் காட்டிக் கற்பித்தல் வேண்டும்.